வடகொழும்பின் பாடசாலைகளும் சுற்றாடற் சுகாதாரமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துக் கல்வி வரலாற்றினை ஆராய்ந்தோர் போதனா மொழி, சமயப் போட்டி, பாடசாலை முகாமை, இலவசக் கல்வி ஆகியன பற்றி விரிவாக எழுதியுள்ளனர். எந்த மொழியிற் கற்பித்தனர், எவர் கற்பித்தனர், எவர் செலவிற் கற்பித்தனர் என்னும் வினாக்களுக்கு அவர்தம் நூல்களிலே விடையுண்டு. ஆயின், பிள்ளை எத்தகைய இடத்தில் இருந்து கற்றது என்னும் வினா அத்துணை முனைப்புடன் எழுப்பப்படவில்லை. அது சுவாசித்த காற்று, குடித்த நீர், வகுப்பறைக்கு அருகே ஓடிய கான், தலைக்கு மேலிருந்த கூரை, இறங்கிச் செல்லவேண்டிய படிக்கட்டு ஆகியன யாவும் கல்வி வரலாற்றின் புறத்தே நிற்கும் பொருள்களாகவே கருதப்பட்டு வந்துள்ளன. அவை புறப்பொருள்கள் அல்ல என்பதையும், கொழும்பு மாநகரின் வடபகுதியிலே பாடசாலைகளின் அமைவிடத்தையே அவை நிர்ணயித்தன என்பதையும் எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈண்டு வடகொழும்பு எனக் குறிப்பிடப்படுவது ஜிந்துப்பிட்டியை நடுவாகக் கொண்டு, செட்டியார் தெரு, கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் ஆகியவற்றை உள்ளடக்கிய பகுதியாகும். ஜிந்துப்பிட்டி என்னும் பெயர், போர்த்துக்கேயர் காலத்துச் ‘சான் தோமே’ என்னும் பெயரின் திரிபு என்று கூறுவர். புனித தோமையாரின் பெயரால் அமைந்த பழைய ஆலயமும் முருகன் கோயிலும் அருகருகே விளங்கும் இப்பகுதி, நாடக மேடைகளாலும் பிற்காலத்துத் திரையரங்கினாலும் தலைநகரத் தமிழர் வாழ்விற் சிறப்பிடம் பெற்றது. அதே வேளையில் துறைமுகத் தொழிலாளரும், கடைச் சிப்பந்திகளும், சிறு வணிகரும் நெருங்கி வாழ்ந்த ‘தோட்டங்கள்’ நிறைந்த இடமாகவும் இது இருந்தது, இன்றும் இருக்கின்றது. நகரத்துத் ‘தோட்டம்’ என்பது மரஞ்செடிகள் நிற்குமிடமன்று; ஒரு முற்றத்தையும் ஒரு குழாயையும் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் குடியிருப்பு வரிசையாகும். இப்பகுதிப் பாடசாலைகளின் பிள்ளைகளிற் பெரும்பாலானோர் இத்தகைய குடியிருப்புகளிலிருந்தே வந்தனர்.

உற்பாலனம்

பாடசாலைச் சுகாதாரம் என்னும் கருத்து நமக்கு அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்த இறக்குமதிப் பொருள் என எண்ணுதல் தவறாகும். நமது திண்ணைப் பள்ளியைக் குறையுடைய அமைப்பாகவே பலர் வருணித்துள்ளனர். அதன் கற்பித்தல் முறையிற் குறைகள் இருந்திருக்கலாம். ஆயினும், மூன்று புறமும் திறந்த திண்ணையிலே காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் குறைவில்லை. தீப்பற்றினாற் பிள்ளைகள் ஒரே எட்டிலே தெருவை அடைந்துவிடலாம். சுவரும் மாடியும் பூட்டிய கதவும் கொண்ட நகரப் பள்ளிக்கூடம் தோன்றிய பின்னரே காற்றும் வெளியேறும் வழியும் தனியே சிந்திக்கப்படவேண்டிய பொருள்களாயின.

இச்சிந்தனை தமிழ் மொழியிலே நூல்வடிவம் பெற்றது யாழ்ப்பாணத்திலாகும். மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்கள், கட்டர் என்பார் இயற்றிய நூலைத் தமிழாக்கி, ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ என்னும் பெயரில் 1857ஆம் ஆண்டில் வெளியிட்டார். உடலின் அமைப்பைக் கூறுவது அங்காதிபாதம். உறுப்புகளின் தொழிற்பாட்டைக் கூறுவது சுகரணவாதம். நோயணுகாமற் காப்பதைக் கூறுவது உற்பாலனம். காற்று, உணவு, உடை, நீராடல் முதலியவற்றை அவ்வவ் உறுப்புகளோடு தொடர்புபடுத்தி விளக்கும் இந்நூலின் மூலம் அமெரிக்கப் பள்ளி மாணாக்கருக்கும் பயன்பட்ட பாடநூலாகும். சுவாசப் பையைப் பற்றிப் படிக்கும் மாணாக்கன், தான் இருக்கும் அறையின் காற்றைப் பற்றியும் சிந்திக்க வேண்டும் என்பதே அந்நூலமைப்பின் உட்பொருள். உற்பாலனம் என்னும் அருஞ்சொல் பின்னர் வழக்கொழிந்து, சுகாதாரம் என்னும் சொல் அதனிடத்தைப் பெற்றது.

துறைமுகமும் கரித்தூசும்

கொழும்பிலே இக்கருத்து சோதனைக்குள்ளாகியது துறைமுகத்தின் வளர்ச்சியினாலாகும். தென்மேற்கு அலைதடுப்புச் சுவருக்கு 1875ஆம் ஆண்டு டிசெம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1885ஆம் ஆண்டில் அச்சுவர் நிறைவெய்திய பின்னர், காலித் துறைமுகத்தின் முதன்மை கொழும்பைச் சேர்ந்தது. சுயெஸ் கால்வாய் வழியாகக் கீழைத்தேயம் நோக்கி வந்த நீராவிக் கப்பல்களுக்கு நிலக்கரி ஏற்றும் பெருந்தளமாகக் கொழும்பு மாறிற்று. கப்பலில் வந்த கரி கரையிலே குவிக்கப்பட்டது. பின்னர் தொழிலாளர் தலைச்சுமையாகவும் கூடைகளிலும் அதனைச் சுமந்து மீண்டும் கப்பல்களில் ஏற்றினர். ஒவ்வொரு முறை கொட்டும்போதும் தூசு கிளம்பிற்று. துறைமுகத்துக்குக் கிழக்கிலும் வடகிழக்கிலும் கொட்டாஞ்சேனையும் முகத்துவாரமும் அமைந்துள்ளமையைப் படத்தில் நோக்குவோருக்கு, தென்மேற் பருவக்காற்று வீசும் மாதங்களில் இத்தூசு எத்திசையிற் சென்றிருக்கும் என்பது எளிதிற் புலனாகும்.

முகத்துவாரத்திலே 1851ஆம் ஆண்டில் அங்கிலிக்கத் திருச்சபையார் நிறுவிய புனித தோமையார் கல்லூரி இவ்வாறு கரித்தூசின் நடுவே அகப்பட்டது. துறைமுக விரிவினாலும் குடிசன நெருக்கத்தினாலும் அவ்விடம் மாணாக்கரின் உடல்நலத்துக்கு ஒவ்வாததாயிற்று எனக் கண்ட நிர்வாகத்தினர், 1918ஆம் ஆண்டிற் கல்லூரியைக் கல்கிசைக் கடற்கரைக்குப் பெயர்த்தனர். காற்று மாசடைந்தமை காரணமாக ஒரு பெருங்கல்லூரி முழுவதும் இடம்பெயர்ந்த இந்நிகழ்ச்சி, நமது நாட்டுச் சுற்றாடல் வரலாற்றிற் போதிய கவனம் பெறாமை வியப்புக்குரியது.

சென்றவையும் நின்றவையும்

இஃது ஒரு தனி நிகழ்ச்சியன்று. 1874ஆம் ஆண்டிற் புறக்கோட்டை டாம் வீதியிலே தொடங்கப்பட்ட வெஸ்லி கல்லூரி 1907ஆம் ஆண்டிற் பொரளைப் பகுதிக்குச் சென்றது. 1835ஆம் ஆண்டில் வண. ஜோசப் மார்ஷ் ஹில் வீதியிலே தொடங்கிய சிறுபள்ளியிலிருந்து வளர்ந்து, சென் செபஸ்தியான் மேட்டிலே நெடுங்காலம் நிலைத்திருந்த றோயல் கல்லூரி, 1913ஆம் ஆண்டில் தேர்ஸ்டன் வீதிக்குப் பெயர்ந்தது. ஆக, பதினோராண்டு கால எல்லைக்குள் மூன்று முதன்மையான ஆங்கிலக் கல்லூரிகள் பழைய நகரத்தை விட்டு நீங்கின. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணங்கள் இருந்தன. விளையாட்டுத் திடலுக்கான இடத் தேவையும் அவற்றுள் அடங்கும். எனினும் திசை ஒன்றே. நெருக்கமும் தூசும் இரைச்சலும் நிறைந்த வடபுறத்திலிருந்து, மரநிழலும் கடற்காற்றும் நிறைந்த தென்புறத்துக்கும் கிழக்குப் புறத்துக்கும் அவை சென்றன. உயர் உத்தியோகத்தரும் செல்வரும் தம் வீடுகளை அமைத்துக்கொண்ட திசையும் அதுவேயாம்.

ஆயின் எல்லாப் பாடசாலைகளும் செல்லவில்லை. 1865ஆம் ஆண்டிலே தோன்றிய புனித ஆசீர்வாதப்பர் கல்லூரி கொட்டாஞ்சேனையிலேயே நின்றது. 1869ஆம் ஆண்டிலே தோன்றிய நல்லாயன் கன்னியர் மடமும் நின்றது. சுவாமி விவேகானந்தர் 1897ஆம் ஆண்டு ஜனவரியிற் கொழும்பிலே வந்திறங்கிய நினைவின் வழிவந்த விவேகானந்த சபை, 1902ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அதன் கல்விப் பணியின் பயனாய் வளர்ந்த விவேகானந்தா கல்லூரியும் தமிழ்ப் பிள்ளைகள் வாழ்ந்த இவ்விடத்திலேயே காலூன்றிற்று. இவற்றைச் சூழவிருந்த சிறுசிறு தமிழ்ப் பாடசாலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. அவற்றின் மாணாக்கர் நடந்து வருபவர்கள். பாடசாலை ஐந்து மைல் தொலைவு பெயர்ந்தால் அவர்களது கல்வியே நின்றுவிடும்.

கல்கிசைக்குச் சென்றோரைக் குறை கூறுதல் நமது கருத்தன்று. தம் மாணாக்கரின் நலத்தைக் காப்பது அவர்தம் கடமை. அதனை அவர்கள் செய்தனர். சிந்திக்க வேண்டியது வேறொன்று. ஒரு கல்லூரி பெயர்ந்து செல்லுமளவுக்குத் தீயதெனக் கருதப்பட்ட காற்று, அஃது அகன்ற மறுநாளும் அவ்விடத்திலேயே வீசிற்று. முறையிடக்கூடிய குரலும் செல்வாக்கும் உடையோர் நீங்கிய பின்னர், எஞ்சியோரின் பொருட்டு அக்காற்றைத் தூய்மையாக்கும் நெருக்குதல் குறைந்திருக்கும் என்று கருதுதல் பொருந்தும். சுற்றாடற் கேட்டுக்குத் தீர்வாக இடப்பெயர்ச்சியைக் கொள்ளும்போது, கேடு தீர்வதில்லை. அதனை அனுபவிப்போர் மாத்திரமே மாறுகின்றனர்.

1914ஆம் ஆண்டின் பாடம்

இதே காலத்திற் கொழும்பைப் பிறிதொரு பேரிடர் தாக்கிற்று. 1914ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே பிளேக் நோய் நகரத்திற் காணப்பட்டது. புறக்கோட்டை, செட்டியார் தெரு ஆகியவற்றைச் சூழ்ந்த அரிசிக் களஞ்சியப் பகுதியே அதன் இருப்பிடமாயிற்று. வெளிநாட்டிலிருந்து அரிசி மூடைகளோடு வந்த எலிகளும் அவற்றின் உண்ணிகளும் நோயைக் கொணர்ந்தன. இந்நோய் இருபதாண்டுகளுக்கு மேலாக இந்நகரில் அவ்வப்போது தலைகாட்டிற்று.

நோய் ஏன் நகரமெங்கும் பரவாது குறித்த சில தெருக்களிலேயே சுற்றிச் சுற்றி வந்தது? இவ்வினாவுக்கு விடை கண்டவர் மாநகர சபையின் நுண்ணுயிரியல் அறிஞராகிய எல். பேபியன் ஹேர்ஸ்ட் ஆவார். ஒரேயினம் என எண்ணப்பட்ட எலி உண்ணிகளுள் இரு இனங்கள் இருத்தலை அவர் வேறுபடுத்திக் கண்டார். நகரத்திற் பொதுவாகக் காணப்பட்டது ‘அஸ்டியா’ என்னும் இனம். அது நோயைக் கடத்துவதில் வலுக் குறைந்தது. ‘சியோப்பிஸ்’ என்னும் வலுக்கூடிய இனம் தானியக் களஞ்சியங்களை அண்டியே வாழ்ந்தது. 1953ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட பிளேக் பற்றிய பெருநூல் இவ்வாராய்ச்சியின் பழமாகும்.

பாடசாலைச் சுகாதாரத்தை ஆராயும் நமக்கு இக்கண்டுபிடிப்பின் உட்கருத்து மிக முக்கியமானது. அந்நாளிலே தொற்றுநோய்களின் பழியை வறியோரின் பழக்கவழக்கங்கள் மீதும், இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மீதும் சுமத்துதல் எளிதாயிருந்தது. தோட்டத் தொழிலாளரை மண்டபம் முகாமிலே தடுத்துவைத்துப் பரிசோதித்த பின்னரே இலங்கைக்கு அனுப்பினர். ஹேர்ஸ்டின் ஆய்வோ நோயின் எல்லையை மனிதரின் இனத்திலன்றிக் களஞ்சியத்தின் அமைப்பிலே காட்டிற்று. பிள்ளையின் உடலைக் கழுவுவதற்கு முன்னர், பிள்ளை வாழும் இடத்தை நோக்குக என்பதே அதன் பொருள்.

பரிசோதிக்கப்பட்ட பிள்ளை, பரிசோதிக்கப்படாத கட்டடம்

பிரித்தானியாவிலே பாடசாலை மருத்துவப் பரிசோதனை 1907ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஏற்பட்டது. போவர் யுத்தத்துக்குச் சேர வந்த இளைஞரிற் பலர் உடற்றகுதியற்றவராகக் காணப்பட்டமை அங்கு பெருங்கவலையை உண்டாக்கியிருந்தது. பிள்ளையின் நலத்தைவிடப் படையின் நலமே அங்குத் தூண்டுகோலாயிற்று எனலாம். ஏறக்குறையப் பத்தாண்டுகளின் பின்னர், 1918ஆம் ஆண்டளவில், இலங்கையிலும் இம்முறை கொழும்பிலே தொடங்கியது. 1916ஆம் ஆண்டில் றொக்பெல்லர் நிறுவனத்தாரின் துணையோடு ஆரம்பமான கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம், மலசலகூடத்தின் இன்றியமையாமையை நாட்டுக்கு உணர்த்திற்று. மருந்தினாற் புழுவை வெளியேற்றினாலும், மண் மாசுபடுமாயின் வெறுங்காலோடு நடக்கும் பிள்ளையை அது மீண்டும் பற்றிக்கொள்ளும். 1926ஆம் ஆண்டிற் களுத்துறையிலே சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டபோது, பாடசாலைச் சுகாதாரம் அதன் பணிகளுள் ஒன்றாயிற்று. சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பாடசாலைக்கு வந்து செல்லும் மரபு அவ்வழியே வேரூன்றியது.

இம்மரபு போற்றத்தக்கது. பெரிய பாடசாலைகளில் 1, 4, 7, 10ஆம் தரங்களின் மாணாக்கரும், இருநூறு பேருக்குக் குறைந்த பாடசாலைகளில் எல்லா மாணாக்கரும் பரிசோதிக்கப்படுதல் இன்றைய விதியாகும். பார்வைக் குறைவு, பற்சிதைவு, குருதிச்சோகை, நிறைக்குறைவு ஆகியன இதனால் வெளிப்படுகின்றன. ஆயினும் வரலாற்று நோக்கிற் பார்க்குமிடத்து ஓர் ஏற்றத்தாழ்வு தென்படுகின்றது. பிள்ளைக்கு நிறையும் உயரமும் குறித்த அட்டை உண்டு. கூரைக்கும் சுவருக்கும் மின்கம்பிக்கும் படிக்கட்டுக்கும் அதே ஒழுங்கோடு பேணப்படும் அட்டை ஒன்று வழக்கத்திற் காலூன்றவில்லை.

இதன் வேர் பழைய உதவி நன்கொடை முறையிலும் ஓரளவு உண்டு. 1869ஆம் ஆண்டிற் பொதுப் போதனாத் திணைக்களம் ஏற்பட்ட பின்னர், மிசன் பாடசாலைகளுக்கும் பிற தனியார் பாடசாலைகளுக்கும் வழங்கிய பணம், மாணாக்கர் வாசிப்பிலும் எழுத்திலும் கணிதத்திலும் பெற்ற பெறுபேற்றைப் பொறுத்தே பெரிதும் அமைந்தது. பெறுபேற்றுக்குப் பணம் என்னும் முறையிலே, சாளரத்துக்குப் பணம் தேடுவது முகாமையாளரின் சொந்தப் பொறுப்பாயிற்று. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் கீழ் உதவி பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசுடைமையாயின. பழைய கட்டடங்களும் அவற்றோடு அரசின் கைக்கு வந்தன. அதுவரை தனியார் கட்டடத்தைக் கண்காணிக்கும் நிலையிலிருந்த அரசு, அன்றுமுதல் தன் கட்டடத்தைத் தானே கண்காணிக்க வேண்டியதாயிற்று.

கொழும்பிலே இன்னொரு சிக்கலும் உண்டு. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தினால் உருவான மாநகர சபைக்குத் தனிச் சுகாதாரத் திணைக்களம் இருக்கின்றது. பாடசாலை கல்வித் துறைக்குரியது. மதிலுக்கு வெளியே ஓடும் கானும் குவியும் குப்பையும் மாநகர சபைக்குரியன. அப்பால் எழும் புகையும் தூசும் துறைமுகத்துக்கும் போக்குவரத்துக்கும் உரியன. பிள்ளையின் சுவாசப்பைக்கு இந்த எல்லைக்கோடுகள் தெரியா.

அண்மைக் காலம்

கரிக்கப்பல் போயிற்று, வேறு கேடுகள் வந்தன. கொட்டாஞ்சேனைக்கு அருகே புளுமெண்டல் பகுதியிலே கொழும்பின் குப்பை பல்லாண்டுகளாக மலைபோற் குவிக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டளவில் அக்குப்பை மீதொட்டமுல்லைக்குத் திருப்பப்பட்டது. 2017ஆம் ஆண்டு ஏப்ரில் 14ஆந் திகதி, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கரித்தூசின் காலத்திற் கல்லூரி பெயர்ந்தது. நமது காலத்திற் குப்பை பெயர்ந்தது. இரு முறையும் கேடு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்து வறியோரிடமே நிலைகொண்டது.

அதே 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர். கொழும்பு மாவட்டமே மிகுந்த பாதிப்பைக் கண்டது. டெங்கு நுளம்பு பகலிற் கடிப்பது. எனவே பாடசாலை நேரமே அதன் நேரம். முட்டையிலிருந்து நுளம்பு வெளிப்பட ஏழு முதற் பத்து நாள்கள் போதும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை கூரைப்பீலி, பூச்சாடித் தட்டு, பாவனையற்ற தாங்கி, உடைந்த தளவாடம் ஆகியவற்றை நோக்கினால் அதன் சுற்று அறுபடும். தவணை விடுமுறையிற் பூட்டிக் கிடக்கும் பாடசாலையிலோ அச்சுற்று இடையூறின்றி நிகழும். பாடசாலை திறக்கும் முதல் நாளுக்கு முன்னரே துப்புரவு நிகழவேண்டும் என்பதன் காரணம் இதுவே.

சுகாதாரத்தையும் பாதுகாப்பையும் பிரித்தல் எத்துணைத் தீங்கானது என்பதை 2023ஆம் ஆண்டு நவம்பர் மாதம் காட்டிற்று. கொழும்பை அடுத்த வெல்லம்பிட்டியிலே ஒரு பாடசாலையில், நீர்க்குழாய்கள் பொருத்திய கட்டுமானம் சரிந்து முதலாம் தரத்துச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். கைகழுவுவதற்கென அமைந்த பொருளே உயிரைப் பறித்தது.

தமிழகத்துக் கும்பகோணத்தில் 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆந் திகதி நிகழ்ந்த பெருந்தீயையும் இங்கு நினைதல் வேண்டும். மதிய உணவு சமைத்த கூடத்திலே எழுந்த தீ, வகுப்பறைகளின் கீற்றுக்கூரைக்குப் பரவ, 94 குழந்தைகள் மாண்டனர். பிள்ளையின் பசியைப் போக்கும் அடுப்பு, பிள்ளையின் தலைக்கு மேலிருந்த கூரையோடு சேர்த்து எண்ணப்படவில்லை. ஒரே கட்டடத்துள் பல பள்ளிகள் அடங்கியிருந்தன. வெளியேறும் வழியோ குறுகியது. அதன் பின்னரே கீற்றுக்கூரைகள் அகற்றப்பட்டன. இந்திய உயர் நீதிமன்றம் 2009ஆம் ஆண்டு ஏப்ரிலில், கல்வி பெறும் உரிமை என்பது பாதுகாப்பான பாடசாலையிற் கல்வி பெறும் உரிமையையும் உள்ளடக்கியதெனத் தீர்ப்பளித்தது. ஆய்ந்து நோக்கின், முகத்துவாரத்துக் கல்லூரி 1918ஆம் ஆண்டிலே தன் சொந்த வலிமையினாற் பெற்றுக்கொண்டது எதுவோ, அதனையே இத்தீர்ப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிமையாக்கியது எனலாம்.

முடிவுரை

பிள்ளைகளின் நோய்க்கு வீடே பெருங்காரணம். பாடசாலை ஐந்தாறு மணி நேரம் மாத்திரமே என்று சிலர் வாதிக்கலாம். தோட்டக் குடியிருப்பின் நெருக்கத்தை அறிந்தோர் இவ்வாதத்தை ஒதுக்கிவிட மாட்டார். ஆயின் அதிலிருந்து பெறப்படும் முடிவு எதிர்மாறானது. வீடு இடுக்கமாயின், நல்ல காற்றும் தூய நீரும் பயமற்ற கூரையும் அப்பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய ஒரே இடம் பாடசாலையாகும். வீட்டைத் திருத்தப் பல தலைமுறைகள் வேண்டப்படலாம். பாடசாலையைத் திருத்த ஒரு தவணை போதும்.

மேற்கூறிய வரலாற்றிலிருந்து மூன்று உண்மைகள் துலங்குகின்றன. பிள்ளையைப் பரிசோதிப்பது போலவே கட்டடத்தையும் சூழலையும் காலமுறையிற் பரிசோதித்து எழுத்திற் பதிதல் வேண்டும். கல்வித் துறை, மாநகர சபை, பெற்றோர் ஆகியோர் தத்தம் பங்கை ஒரே ஏட்டிற் காணத்தக்கதாகப் பொறுப்பு ஒன்றிணைக்கப்படல் வேண்டும். கேட்டினை மற்றோர் அயலுக்குத் தள்ளாது அதன் ஊற்றிலேயே தீர்த்தல் வேண்டும்.

பல்கலைக்கழகத் தமிழ் மாணாக்கருக்கும் இத்துறையிற் பணியுண்டு. வடகொழும்புத் தமிழ்ப் பாடசாலைகளின் சம்பவத் திரட்டுப் புத்தகங்கள், வரவு இடாப்புகள், மாநகரச் சுகாதார அதிகாரிகளின் ஆண்டறிக்கைகள் ஆகியவற்றை ஒப்புநோக்கினால், எந்த மாதத்தில் எந்தத் தெருவின் பிள்ளைகள் வராது நின்றனர் என்பதைக் கண்டறியலாம். பெயர்ந்து சென்ற கல்லூரிகளுக்கு அழகிய வரலாற்று நூல்கள் உள்ளன. நின்ற பாடசாலைகளின் வரலாறு, கறையான் அரிக்கும் அலுமாரிகளிலே எழுதப்படாது கிடக்கின்றது. அதனை எழுதத் தொடங்குதல் நமது கடமையாகும்.